விடைபெறும் நீதிபதி: ஒரு சடங்கின் வரலாறு

1

நீதிபதி ஒருவர் ஓய்வு பெறுகிற நாளில் நம் உயர் நீதிமன்றங்களில் நடக்கிற காரியங்களுக்கு மாறாத ஒரு நிகழ்ச்சி நிரல் உண்டு. தலைமை நீதிபதியின் நீதிமன்ற அறையில் எல்லா நீதிபதிகளும் அங்கியோடு வரிசையாக உட்காருவார்கள். அரசுத் தலைமை வழக்கறிஞர் எழுதி எடுத்துவந்த புகழுரையை வாசிப்பார். பிறந்த ஊர், படித்த பள்ளி, ஜூனியராகச் சேர்ந்த சீனியரின் பெயர், பதவியேற்ற தேதி, தீர்த்துவைத்த வழக்குகளின் எண்ணிக்கை என்று அது போகும். பிறகு விடைபெறுபவர் எழுந்து பெற்றோருக்கு, ஆசிரியருக்கு, சீனியருக்கு, மனைவிக்கு, சக நீதிபதிகளுக்கு, கடைசியில் தன் அலுவலகச் சிப்பந்திகளுக்கும் டவாலிக்கும் நன்றி சொல்வார். குரூப் போட்டோ, தேநீர், ராத்திரி விருந்து. மறுநாள் பேப்பரில் மூன்று பத்திச் செய்தி. அவ்வளவுதான்.

இதில் என்ன தப்பு, நல்லபடியாக வேலை பார்த்த மனுஷனை நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவதற்குமா விமர்சனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அறையில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதைவிட யார் இல்லை என்று பார்த்தால் வேறொன்று தட்டுப்படும். நீதிபதிகள் இருக்கிறார்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள், அரசாங்கம் தன் வழக்கறிஞர் உருவில் இருக்கிறது. எந்த ஜனங்களுக்காக அந்தக் கட்டடமே எழுப்பப்பட்டதாகச் சொல்லப்படுகிறதோ அந்த வழக்காடிகளில் ஒருவர்கூட இல்லை. கட்சிக்காரர் இல்லாமல் நடக்கிற ஒரே நீதிமன்ற நடவடிக்கை இந்த வழியனுப்பு விழாதான் போலிருக்கிறது. ‘பொதுச் சேவை’ என்ற சொல் அங்கே பத்துத் தடவை சொல்லப்படும். அந்தப் பொது மட்டும் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருக்கும்.

சடங்குகள் வெறுமனே மரியாதைக்காக நடப்பவை அல்ல. ஒரு நிறுவனம் தன்னைத்தானே எப்படிப் பார்க்க விரும்புகிறதோ அந்தப் பிம்பத்தை அது சடங்கில்தான் கட்டிக்கொள்கிறது. தீர்ப்பு என்பது ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட நிலம், ஒரு குறிப்பிட்ட அடி உதை சம்பந்தப்பட்டது. புகழுரையோ இந்தக் குறிப்பான விஷயங்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ‘நேர்மை’, ‘பொறுமை’, ‘கனிவு’ என்று குணங்களை மட்டும் வைத்துக்கொள்கிறது. வழக்குகளை உரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற நீதிபதிக்குத்தான் மாலை விழுகிறது. இந்தக் கட்டுரை அந்த மாலையின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கிற முயற்சி. மாலை போடப்பட்டவர், மாலை மறுக்கப்பட்டவர், மாலை வேண்டாம் என்றவர் என மூன்று வகையினரும் இந்த வரலாற்றில் இருக்கிறார்கள்.

2

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தொடங்கியது. இப்போதுள்ள சிவப்புக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. அதனுள்ளே வெள்ளைப் பளிங்கில் தலைப்பாகையோடு, வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பவர் தி. முத்துசாமி ஐயர். இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. தஞ்சாவூர் ஜில்லாவில் ஏழைக் குடும்பத்தில் 1832இல் பிறந்து, சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கரிடம் எடுபிடியாக இருந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தவர் என்று நம் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்த கதை அவருடையது. வக்கீல்கள் அந்தச் சிலையைக் கும்பிட்டுவிட்டுக் கோர்ட்டுக்குள் போவது இன்றும் உண்டு.

இந்தக் கும்பிடுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. முத்துசாமி ஐயரின் நியமனத்தை அன்றைய ஆங்கிலோ இந்தியப் பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. ஒரு ‘நேட்டிவ்’ உயர் நீதிமன்ற ஆசனத்தில் உட்காருவதா என்பதுதான் அதன் சாரம். அதற்குப் பதில் சொல்ல உள்ளூர்க்காரர்கள் கையில் பத்திரிகை இல்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார், அவர்களோடு நான்கு சட்ட மாணவர்கள் என்று திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு பேர் 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’வை வாரப் பத்திரிகையாகத் தொடங்கினார்கள். முதல் இதழ் 80 பிரதிகள். அதாவது ஒரு நீதிபதியைக் கௌரவிக்கிற வேலை அன்றைக்கு விழா மேடையில் நடக்கவில்லை. அச்சுக்கூடத்தில், வாதமாக நடந்தது. காலனி ஆட்சியின் இனத் திமிருக்கு எதிரான ஒரு செயல் அது. அந்தக் கௌரவத்துக்கு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் அதற்கு எதிராளி இருந்தான்.

ஆனால் அந்தப் பொதுவுக்கு எல்லையும் இருந்தது. 1891இல் மலபார் திருமண ஆணையத்துக்கு முத்துசாமி ஐயர்தான் தலைவர். மருமக்கத்தாயம் கைக்கொண்ட குடும்பங்களின் மண உறவு ‘திருமணம்’தானா, அதற்குச் சட்ட அங்கீகாரம் வேண்டுமா என்று அந்த ஆணையம் விசாரித்தது. அதைத் தொடர்ந்து 1896இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு முன்னால் ‘நேட்டிவ்’ ஆன அதே மனிதர், மலபார்ப் பெண்களுக்கு முன்னால் அவர்கள் வீட்டு உறவை எடைபோடும் அதிகாரம் ஆகிறார். இது அவருடைய தனிப்பட்ட குறை என்று சொல்ல வரவில்லை. நீதிபதி என்ற இடத்தின் இயல்பே அது. ஒரு பக்கம் பார்த்தால் விடுதலையின் குறி, இன்னொரு பக்கம் பார்த்தால் அதிகாரத்தின் கை. பளிங்குச் சிலையில் இரண்டாவது பக்கம் தெரியாது. 1893இல் சில காலம் தலைமை நீதிபதிப் பொறுப்பையும் பார்த்த அவர் 1895இல் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். ஓய்வு பெறும் நாளே அவருக்கு வாய்க்கவில்லை. விடைபெறாமல் போனவரை நிரந்தரமாக உட்காரவைத்துக் கொண்டது நீதிமன்றம்.

3

விடைபெறுதல் என்பதே ஒரு தீர்ப்பாக மாறிய சந்தர்ப்பங்கள் பிறகு வந்தன. 1976 ஏப்ரல் 28. நெருக்கடி நிலைக் காலம். விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட முடியுமா என்பது கேள்வி. ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் அதில், முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். ஏ.என். ரே, எம்.எச். பெய்க், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி. ஐந்தாமவரான எச்.ஆர். கன்னா மட்டும் முடியும் என்றார். 1977 ஜனவரியில், பணி மூப்பில் முன்னால் நின்ற கன்னாவைத் தாண்டி பெய்க்கைத் தலைமை நீதிபதியாக்கியது இந்திரா அரசாங்கம். கன்னா ராஜினாமா செய்தார். இதற்கு முன்பு 1973இல் ரே மூன்று பேரைத் தாண்டி உயர்த்தப்பட்டபோதும் ஷேலத், ஹெக்டே, குரோவர் மூவரும் இப்படித்தான் வெளியேறினார்கள்.

கன்னாவின் முழு உருவப் படம் அவர் உட்கார்ந்த இரண்டாம் எண் நீதிமன்ற அறையில், அவர் உயிரோடு இருக்கும்போதே மாட்டப்பட்டது. இதை நீதிமன்றத்தின் பெருமையாகச் சொல்வார்கள். நமக்கோ அது நீதிமன்றத்தின் குற்ற உணர்வாகவும் தெரிகிறது. ஒரு ஆள் சொன்ன சரியான வார்த்தையைச் சுவரில் மாட்டிவிட்டால், நாலு பேர் சொன்ன தவறான வார்த்தைக்குப் பரிகாரம் செய்ததாகிவிடுமா? அந்தத் தீர்ப்பு சம்பிரதாயமாக ரத்தாவதற்கு 2017இல் புட்டசாமி வழக்கு வரை, 41 வருஷம் ஆனது. ரத்து செய்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் அந்த நாலு பேரில் ஒருவருடைய மகனான டி.ஒய். சந்திரசூட். படம் சுவரில் இருந்தது; சட்டம் புத்தகத்தில் அப்படியே கிடந்தது.

பகவதியை எடுத்துக்கொள்வோம். பொதுநல வழக்கு என்ற வாசலை ஏழைகளுக்குத் திறந்துவிட்டவர்களில் முதன்மையானவர். ஒரு அஞ்சலட்டையைக்கூட மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்ற சூழலை உண்டாக்கியவர். அதே பகவதிதான் 1976இல் அந்த நால்வரில் ஒருவர். பல வருஷம் கழித்து 2011இல் தன் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 1986இல் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்ற பகவதிக்கு மாலை போடுவதென்றால் எந்தப் பகவதிக்குப் போடுவது? புகழுரை என்ற இலக்கிய வகைமைக்குள் இரண்டு பகவதியும் ஒன்றாக நிற்க இடமில்லை. அது ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் இன்னொருவருக்கு மாலை போடும். வரலாறு எழுதுகிறவனுக்கு இருவரும் வேண்டும்.

நம்மூர்க் கதை ஒன்றும் இருக்கிறது. மு.மு. இஸ்மாயில். நாகூர்க்காரர், கம்பனில் தோய்ந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தின் முகமாக இருந்தவர். 1976இல் சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையம் அவருடையது. சிறைச் சுவருக்குள் இருட்டில் நடந்த அடி உதையைப் பகல் வெளிச்சத்தில் ஆவணமாக்கியது அந்த விசாரணை. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவரை 1981இல் கேரளத்துக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, பதவியை விட்டார். நீதிபதிகளை அரசாங்கம் இஷ்டத்துக்கு ஊர் மாற்றலாமா என்பது அந்த வருஷமே உச்ச நீதிமன்றத்தில் பெரிய வழக்காக விவாதிக்கப்பட்டது. இன்றைக்கு மேடைகளில் இஸ்மாயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் கம்பராமாயணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சிறை அறிக்கையும் ராஜினாமாவும் பேச்சில் வருவதில்லை. கௌரவிப்பதும் ஒருவகை மறதிதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

4

விடைபெற்ற பிறகு என்ன என்கிற கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. நீதிபதியாக இருந்தவர் பிற்பாடு அரசாங்கப் பதவி எதையும் ஏற்கக் கூடாது என்று கே.டி. ஷா 1949இல் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் தனியாருக்குள் நடப்பவை, அரசாங்கத்துக்கு அவற்றில் அக்கறை அதிகம் இருக்காது என்பது அவர் தரப்பு நியாயம். அன்றைக்கு அது சரியாக இருந்திருக்கலாம். ஆனால் ஒன்பதே வருஷத்தில், 1958இல், செட்டல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் தன் பதினான்காவது அறிக்கையில் இந்தப் பழக்கத்தைத் தடுக்கச் சொன்னது. காரணம் எளிது. அரசாங்கமே நீதிமன்றத்தின் மிகப் பெரிய வழக்காடியாக ஆகிவிட்டது.

அந்தத் தடை வரவில்லை. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62 வயதிலும் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயதிலும் ஓய்வு. அதன் பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது என்கிறது அரசியல் சட்டம். ஆனால் ராஜ்பவனுக்குப் போகலாம், பார்லிமெண்டுக்குப் போகலாம். 2014இல் பி. சதாசிவம் கேரள ஆளுநரானார். தலைமை நீதிபதியாக இருந்த ஒருவர் ஆளுநரானது அதுதான் முதல் தடவை. 2019 நவம்பரில் ஓய்வு பெற்ற ரஞ்சன் கோகோய் 2020 மார்ச்சில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2023 ஜனவரியில் ஓய்வு பெற்ற அப்துல் நசீர் அடுத்த மாதமே ஆந்திர ஆளுநராக அறிவிக்கப்பட்டார். இந்தப் பதவிகளும் ‘கௌரவங்கள்’தான், சேவைக்கான அங்கீகாரங்கள்தான் என்று சொல்லப்படுகின்றன. வழியனுப்பு விழாவின் மாலை சாயங்காலத்துக்குள் வாடிவிடும். இந்த மாலை வாடாது. அதனால்தான் இதைப் போடுகிற கை யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மாறாக வி.ஆர். கிருஷ்ணய்யரை நினைத்துப் பார்க்கலாம். 1957 கேரள அமைச்சரவையில் மந்திரியாக இருந்துவிட்டு நீதிபதியானவர். 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்று 2014 டிசம்பரில் இறக்கும்வரை 34 வருஷம். பதவியில் இருந்த காலத்தைவிட இது ரொம்ப அதிகம். கைதிகள், மரண தண்டனைக்கு எதிரானவர்கள், ஊர்ச் சாக்கடைக்காகப் போராடுகிறவர்கள் என்று கொச்சியில் இருந்த அவர் வீட்டு வாசலைத் தேடி யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று தோற்றார். அவருடைய ஆங்கிலத்தையும் அவருடைய தீர்ப்புகளையும் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் வீட்டு வாசலில் நின்ற அந்த ஜனங்கள் விடைபெறும் விழாவுக்கு வராதவர்கள். நீதிபதி நாற்காலியிலிருந்து இறங்கிய பிறகுதான் அவர்களால் அவரை நெருங்க முடிந்தது என்பதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது.

5

இந்தப் பின்னணியில்தான் 2013 மார்ச் 8 அன்று சென்னையில் நடந்ததை, அல்லது நடக்காததை, பார்க்க வேண்டும். நீதிபதி கே. சந்துரு ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். தன் சொத்துக் கணக்கை ஒப்படைத்தார். அரசாங்கக் காரைத் திருப்பிக் கொடுத்தார். மின்சார ரயில் ஏறி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பத்திரிகைகள் இதை ‘எளிமை’ என்று எழுதின. எளிமை என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துபோகிறது. காமராசர் எளிமை, கக்கன் எளிமை என்ற பட்டியலில் இன்னொரு பெயர். எளிமை ஒரு தனிமனித குணம். அதை மெச்சலாம், பின்பற்ற வேண்டியதில்லை. சந்துரு செய்தது அதைவிடச் சங்கடமான காரியம். பதவிக்காலம் முழுக்க அவர் ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வந்ததன் கடைசிக் கண்ணிதான் அந்த ரயில் பயணம். ‘மை லார்ட்’ என்று கூப்பிட வேண்டாம் என்றார். சிவப்புத் தலைப்பாகை கட்டி வெள்ளித்தடி பிடித்த ஆள் முன்னால் நடந்து ‘உஷ்... உஷ்...’ என்று வழி விலக்குவதை வேண்டாம் என்றார். துப்பாக்கிக் காவலரை, காரின் சிவப்பு விளக்கை வேண்டாம் என்றார். இவையெல்லாம் அதிகாரத்தின் உடுப்புகள் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. அதிகாரம் உடலில் இறங்கி வேலை செய்கிற இடங்களே இவைதான். வெள்ளித்தடியைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு கிராமத்து மனுஷிக்கு முதுகு தானாக வளைகிறதே, அந்த வளைவில்தான் சட்டத்தின் முதல் தீர்ப்பு எழுதப்படுகிறது. வழக்கு எண் கூப்பிடப்படுவதற்கு முன்பே அவள் பாதி தோற்றுவிடுகிறாள்.

அவருடைய தீர்ப்புகளில் சில இதே தர்க்கத்தின் தொடர்ச்சி. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றில், அப்பாவுக்குப் பிறகு பூசாரியாக இருந்த பெண்ணை ஆண்கள் தடுத்தபோது, பெண் பூசை செய்யக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்றது 2008ஆம் வருஷத்துத் தீர்ப்பு. சாதிக்கொரு சுடுகாடு என்ற ஏற்பாட்டுக்கு எதிராகப் பொது மயானம் பற்றிய தீர்ப்பு. சத்துணவுக் கூட வேலைகளில் வகுப்புவாரி ஒதுக்கீடு பற்றிய தீர்ப்பு. பூசை, பிணம், சோறு. சாதி உயிர்வாழ்கிற மூன்று இடங்கள் இவை. இந்தத் தீர்ப்புகளைத் தொகுத்து அவர் தமிழில் வெளியிட்ட நூலுக்கு ‘அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்’ என்று பெயர். 2021இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலோ, தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்த பெண்களைப் பற்றியது. விடைபெறும் விழாவில் இடம் கிடைக்காத வழக்காடி, விழாவை மறுத்தவரின் புத்தகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

6

இங்கே நாமும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். மறுப்பையும் மாலையாக மாற்றிவிடுகிற சாமர்த்தியம் நம் பொதுப்புத்திக்கு உண்டு. சந்துருவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்கிற எண் 96,000. ஆறரை வருஷத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அவர் முடித்துவைத்த வழக்குகளின் எண்ணிக்கை. வருஷத்துக்கு 210 வேலை நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு எழுபதை ஒட்டி வருகிறது. ஒரே மாதிரியான மனுக்கள் கட்டுக்கட்டாகச் சேர்த்து முடிக்கப்படுவதும் இதில் அடக்கம். தேங்கிக் கிடக்கும் வழக்குகளுக்கு மத்தியில் வேகம் ஒரு அறம்தான். ஆனால் நீதியை உற்பத்திக் கணக்காகப் பார்க்கிற கண்ணோட்டம் யாருடையது என்றும் கேட்க வேண்டும். பொது மயானத் தீர்ப்பு அந்த 96,000இல் ஒன்று. அதற்கு எண்ணிக்கையில் என்ன எடை?

2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்தது. கடலூர்ப் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993இல் அடித்துக் கொல்லப்பட்ட ஒருவருடைய மனைவி நடத்திய போராட்டம். சந்துரு அப்போது வக்கீல். ஆட்கொணர்வு மனுப் போட்டு வாதாடினார். படம் பார்த்த நாடே வக்கீலைக் கொண்டாடியது. நல்லது. ஆனால் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் அவர் இருளர் ஆகிவிட்டார். வக்கீலின் பெயர் படத்தில் அப்படியே இருக்கிறது, செத்தவரின் சமூகம் மாறிவிட்டது. இரண்டு சமூகங்களுமே போலீசின் வழக்கமான இரைதான், சினிமாவுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் யாருடைய அடையாளம் மாற்றத்தக்கது, யாருடையது மாற்றத்தகாதது என்பதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. உள்ளூரில் அந்தப் பெண்ணுக்குத் துணையாக நின்று, சாட்சிகளைத் தேடி அலைந்த இடதுசாரித் தோழர்களும் மக்கள் நினைவில் பின்னுக்குப் போனார்கள். நீதிமன்ற அறையில் நடந்த அதே விழாதான், இந்தத் தடவை தியேட்டர் இல்லாமல் வீட்டுக்கு வீடு நடந்தது.

ஓய்வுக்குப் பிறகு சந்துரு அரசாங்கம் அமைத்த சில குழுக்களுக்குத் தலைமை ஏற்றார். இணைய ரம்மி பற்றி 2022இல் ஒன்று. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதி வன்முறை பற்றி ஒன்று. இரண்டாவது குழுவின் அறிக்கை 2024 ஜூனில் 610 பக்கத்தில் வந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடு, மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய் என்று பல பரிந்துரைகள். ஆளுநர் பதவியும் குழுத் தலைமையும் ஒன்றல்ல. ஒன்றில் மாளிகை இருக்கிறது, இன்னொன்றில் வேலை இருக்கிறது. இருந்தாலும் அறிக்கை வாங்கிய அரசாங்கம் போட்டோ எடுத்துக்கொண்டதோடு நின்றுவிட்டால் 610 பக்கமும் இன்னொரு புகழுரையாகச் சுருங்கிவிடும். ஓய்வு பெற்ற நீதிபதிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்பதுதான்.

7

கௌரவம் ஒரு பாராட்டு மட்டுமில்லை, அது ஒரு அதிகாரப் பங்கீடு என்பதை, அது மறுக்கப்படும்போது நடக்கிற கலவரத்திலிருந்து தெரிந்துகொள்ளலாம். 2018 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நான்கு பேர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, உள்ளே எதுவும் சரியில்லை என்றார்கள். அது நடந்தது செலமேஸ்வர் வீட்டுப் புல்வெளியில். சில மாதம் கழித்து ஓய்வு பெற்ற அவர், வழக்கறிஞர் சங்கத்தின் வழியனுப்பு விழாவை ஏற்கவில்லை. அந்த நாலு பேரில் இன்னொருவர்தான் பிற்பாடு மாநிலங்களவைக்குப் போன கோகோய். ஒரே புல்வெளியிலிருந்து இரண்டு பாதைகள். 2025 மே மாதம் நீதிபதி பேலா திரிவேதி விடைபெற்றபோது கதை தலைகீழ். வழக்கறிஞர் சங்கம் அவருக்கு விழா எடுக்கவில்லை. தலைமை நீதிபதி கவாய் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். மாலை போடுவது வெறும் மரியாதை என்றால், போடாமல் விட்டதற்கு இவ்வளவு பேச்சு ஏன்?

சுவரும் இதே கதையைத்தான் சொல்கிறது. 1989இல் ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுவுக்குச் சிலை வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிடலாம் என்று நீதிபதிகளே முடிவு செய்தார்கள். ஆனால் தடையாணை வாங்கப்பட்டு, சிலை நின்றுபோனது. நம் பக்கம் 2023 ஜூலையில், நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு யார் படமும் சிலையும் வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளரிடமிருந்து சுற்றறிக்கை போனது. அப்படியானால் அரசியல் சட்டத்தை வரைந்த அம்பேத்கர் படம்? தமிழ்நாடு கொதித்தது, படத்தை எடுக்க மாட்டோம் என்று அரசுத் தரப்பில் உறுதி சொல்ல வேண்டிவந்தது. நீதிமன்றச் சுவரில் யார் இருக்கலாம் என்பது அலங்காரப் பிரச்சினை அல்ல என்று ஊர் ஜனங்களுக்கு வக்கீல்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது.

8

நீதி என்பது கடமை. அதைச் செய்தவருக்கு நன்றி சொல்லலாம், தப்பில்லை. ஆனால் நன்றி கொஞ்சம் அளவு மீறினால் கடமை கொடையாகிவிடுகிறது. கொடை என்றானதும் வாங்குகிறவன் கை கீழே போய்விடுகிறது. நம் கலெக்டர் ஆபீஸ்களில் குறை கேட்கும் நாளுக்கு ‘மனுநீதி நாள்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனின் பெயர். பெயரிலேயே ராஜா வந்து உட்கார்ந்துகொண்டான். மனுவோடு வருகிறவர் “ஐயா பாத்து செய்யணும்” என்கிறார். “இது என் உரிமை, செய்யுங்க” என்று சொல்ல நாக்கு வருவதில்லை. கனிவான நீதிபதி, கருணையான நீதிபதி என்று நாம் பாடப் பாட, அந்த நாக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது.

தமிழ் மரபில் இதற்கு மாற்று ஒன்று கண்ணுக்கெதிரே கிடக்கிறது. சிலப்பதிகாரத்தில் தவறாகத் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் உண்மை தெரிந்ததும் ஆசனத்திலேயே உயிரை விடுகிறான். தன் பிழைக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்ட அவனை நாம் மதிக்கிறோம். ஆனால் கோயில் கட்டியது அவனுக்கல்ல. கையில் ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாசலில் நின்று வாயிற்காவலனை அதட்டி உள்ளே போன வழக்காடிக்கு, கண்ணகிக்கு. மன்னனின் கருணையை அவள் கேட்கவில்லை. சாட்சியத்தை உடைத்துக் காட்டினாள். நீதியின் வரலாற்றில் நினைவுகூரப்பட வேண்டியது யார் என்பதில் அந்தக் கதையைச் சொன்ன ஜனங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

ஆகவே விடைபெறும் நீதிபதியை எப்படிக் கௌரவிப்பது? அவர் தீர்ப்புகளை எடுத்துப் படிப்பது. எது நடைமுறைக்கு வந்தது, எது தாசில்தார் மேஜையில் தூங்குகிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது. எந்தத் தீர்ப்பு தப்பு என்று நேருக்கு நேர் சொல்வது. உசிலம்பட்டிப் பக்கத்துத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு ஊரில் இன்னொரு பெண் கருவறைக்குள் போவாள் என்றால், பொது மயானத் தீர்ப்பைக் காட்டி இன்னொரு சேரியின் பிணம் தார் ரோடு வழியாகவே போகும் என்றால், அதுதான் வழியனுப்பு விழா. அந்த விழாவுக்கு நீதிபதி வர வேண்டிய அவசியமில்லை. அவர் ரயில் ஏறிப் போயிருப்பார்.